எந்திரத்தின் நாடித்துடிப்பு

கடலூர் மாவட்டத்துக்கு எந்திர ஓசை புதியதன்று. நெல்லிக்குப்பத்துப் பாரி ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை காய்ச்சத் தொடங்கிவிட்டது. அதே மாவட்டத்தின் நெய்வேலியில், 1956இல் அமைக்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கியது. சோவியத் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கிற்று.

நெய்வேலியில் நிலக்கரியை அடையுமுன் நீரை வெல்ல வேண்டியிருந்தது. நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். பம்புகள், மண்வெட்டும் சக்கர எந்திரங்கள், டர்பைன்கள் என்று அங்கே எல்லாமே சுழல்பவை. சொல்லாமல் நின்றுபோகும் உரிமை அவற்றுக்கு இல்லை.

சுழல்வது நோயுற்றால் முதலில் நடுங்கும். பழைய தொழிலாளிகள் திருப்புளியின் நுனியைப் பேரிங்கின் மீது வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றதே அது.

இந்த நாடி சாஸ்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எந்தத் தண்டும் நிலையாகச் சுழல இயலாது என்று 1869இல் ராங்கின் கருதினார். 1889இல் ஸ்வீடனின் டி லாவல், மெல்லிய வளையும் தண்டொன்றை அவ்வேகத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். அதன் காரணத்தைக் கணிதமாக விளக்கியவர் ஜெஃப்காட், ஆண்டு 1919. எவ்வளவு நடுக்கம் பொறுக்கத்தக்கது என்பதற்கு 1939இல் அளவுகோல் வகுத்த ராத்போன் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர். எந்திரம் உடைந்தால் பணம் கொடுக்க வேண்டியவருக்கு அக்கறை பிறந்ததில் வியப்பில்லை.

1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட கணக்கு முறை, நடுக்கத்தை அதன் அதிர்வெண்களாக விரைந்து பிரிக்க வழிசெய்தது. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் டர்பைனில் நொடிக்கு 50 அதிர்வு மிகுந்தால் சமநிலைக் குறை என்று ஐயுறலாம்; 100 மிகுந்தால் தண்டுகள் நேர்கோட்டில் இல்லை எனலாம். பேரிங்கின் சிறு சிதைவு அதற்கும் மேலான அதிர்வெண்களில் முணுமுணுக்கும்.

காது கேளாத முணுமுணுப்பைப் பிடிப்பது ஏன் முக்கியம்? உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று, உலோகச் சோர்வால் டர்பைனின் இரு பிளேடுகள் முறிந்தன. சமநிலை குலைந்த எந்திரம் உலுக்கிற்று, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது, கேபிள்கள் எரிந்தன, நிலையம் 17 மணிநேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை என்பதே ஆறுதல். விரிசல் மெல்ல வளரும். முறிவோ நொடியில் நிகழும்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? சைபீரியாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று ஓர் அலகு பெயர்ந்து எழும்பியதில் 75 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட 160 மைக்ரானுக்குப் பதில் 840 மைக்ரான் அதிர்வு பதிவாகியிருந்ததாக விசாரணை அறிக்கை கூறியது. எண் திரையில் இருந்தது. அலகை நிறுத்தும் முடிவு எவரிடமிருந்தும் வரவில்லை.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதே ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அவை சுழலும் எந்திரங்களின் விபத்துகள் அல்ல. அதிர்வுமானி அங்கே உதவியிராது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் அதனதன் நாடி உண்டு. அதைப் பார்ப்பவரின் சொல்லுக்கு, உற்பத்தியை நிறுத்தும் அதிகாரமும் வேண்டும்.