பாலியெஸ்டர் இழை: வெப்பமும் பிளாஸ்மாவும்

பாலியெஸ்டர் இழையின் வலிமை, அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது.

வெப்பம் இழையின் உள்ளமைப்பையே மாற்றும். இழுத்துப் பிடித்தபடி 180–220 பாகை செல்சியஸில் சூடாக்கினால் படிகத்தன்மை கூடும். துணி பின்னர் எளிதில் சுருங்காது. தளரவிட்டுச் சூடாக்கினால் இழை சுருங்கும். நீளும் தன்மை கூடும், வலிமை குறையும். சுமார் 260 பாகையில் உருகிவிடும்.

அயனியாக்கப்பட்ட வாயுவான பிளாஸ்மாவோ மேற்பரப்போடு நின்றுவிடும். ஆக்சிஜன் பிளாஸ்மா நானோமீட்டர் அளவு ஆழத்தில் ஈரம் ஏற்கும் வேதிக் குழுக்களை உருவாக்குவதால் பூச்சும் பசையும் நன்கு பிடிக்கும். அளவோடு செய்தால் இழுவலிமை பெரிதாகக் குறையாது. நேரம் மிஞ்சினால் பரப்பு அரிக்கப்பட்டு இழை வலுவிழக்கும்.