அக்கரைச் சீமையின் அன்றாடச் செலவுக் கணக்கு

மதுரையிலிருந்தும் அதைச் சூழ்ந்த சிவகங்கை, இராமநாதபுரச் சமவெளியிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்களுள் செல்வர் சிலர். கையில் எடுத்துச் சென்றதை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களே மிகப் பலர். அவர்களுடைய வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் ஏதோ ஒரு ஏட்டில் பதிவாயின. அந்த ஏட்டைச் செலவழித்தவரே எழுதினாரா, அவருக்காக வேறொருவர் எழுதினாரா என்பதைப் பொறுத்தே அவர் ஊர் திரும்பும் நாளும் திரும்பும் நிலையும் அமைந்தன.

கடற்கரையை அடையும் வரை கணக்கெழுத அதிகம் இருக்கவில்லை. 1689 முதல் 1706 வரை பேரனின் சார்பில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார் என்பது நாடறிந்தது. சத்திரம் என்பது மானிய நிலங்களின் வருவாயைக் கொண்டு வழிப்போக்கருக்கு இடமும் சோறும் அளித்த அறநிலையம். மதுரையில் அவர் பெயரைத் தாங்கிய சத்திரத்துக்கு எதிரே பிற்காலத்தில் ரயில் நிலையம் அமைந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1875-இல் மதுரைக்கும், அடுத்த ஆண்டில் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடத் தொடங்கியபின், வழிச்செலவின் பெரும்பகுதி டிக்கெட் விலை என்ற ஒற்றைத் தொகையாயிற்று.

அக்கரையில் சத்திரச் சோறு கிடையாது. அங்கே சிக்கனமாக வாழ்ந்து, செலவை நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கத்தை ஓர் ஒழுங்காகவே வளர்த்தவர்கள் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நகரத்தார். இவர்களின் வட்டிக்கடைகள் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 இருந்ததாக அந்நாட்டு வங்கித்தொழில் விசாரணைக் குழு 1930-ஐ ஒட்டி மதிப்பிட்டது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருக்க, கடையை நடத்தும் மேலாள், அவருக்கு உதவும் அடுத்தாள், எடுபிடி வேலையோடு தொழில் பழகும் பெட்டியடிப் பையன் ஆகியோர் மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டனர். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைத்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்தவை போன்ற கிட்டங்கிகளில், அதாவது பல கடைக்காரர்கள் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயுமாகத் தொழில் நடத்திய கட்டடங்களில், பகலில் கடையாக இருந்த அதே இடம் இரவில் படுக்கையாயிற்று. வாடகையைச் சுருக்க இதைவிட எளிய வழி இல்லை.

அன்றாடம் வந்ததும் போனதும் முதலில் குறிப்பு என்னும் நாளேட்டில் ஏறின. அங்கிருந்து ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பேரேட்டுக்குப் பெயர்க்கப்பட்டன. குறித்த காலத்தில் வரவும் பற்றும் ஒத்துவருவதைக் காட்டும் ஐந்தொகை எடுக்கப்பட்டது. சாப்பாடு கடைச்செலவில் சேர, சொந்தத் தேவைக்கு எடுத்த பணம் அவரவர் பெயரில் பற்றாக நின்றது. இந்த ஏற்பாட்டின் அருமை அது தந்த தெளிவில் இருக்கிறது: தவணை முடிந்து கப்பலேறும் பையனுக்குத் தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்பது முன்பே தெரியும்.

நாணயம் மாறும்போது கணக்கும் கடினமாயிற்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை மனப்பாடம் செய்தவருக்குப் பதினாறு அணா கொண்ட இந்திய ரூபாய் கைவந்த பொருள். ஓரணா ரூபாயில் மாகாணி, இரண்டணா அரைக்கால், நாலணா கால். பர்மாவிலும் அதே ரூபாய் செல்லுபடியானதால் அங்கே சிக்கலில்லை. இலங்கையிலோ 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். எனவே ஓரணா ஆறேகால் சதமாயிற்று. மலேயாத் தமிழர் வெள்ளி என்றழைத்த டாலரின் மதிப்பு 1906-இல் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைப்படுத்தப்பட, ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் பெறுமான ரூபாயில் அது சரியாக ஒன்றேமுக்கால் ஆயிற்று. அங்கே ஒரு காய்கறிக் கட்டின் விலையை ஊர் விலையோடு ஒப்பிட விரும்பியவர் நூற்றின் கூறுகளையும் பதினாறின் கூறுகளையும் மனத்திலேயே இணைக்க வேண்டியிருந்தது. அதைப் பதின்ம வயதுப் பையன்கள் செய்தார்கள் என்பது அந்தக் கல்வியைப் பற்றி நாம் இன்று கொண்டுள்ள தாழ்ந்த மதிப்பைத் திருத்த வேண்டும்.

இவ்வாழ்க்கையை உள்ளிருந்து கண்டு எழுதியவர் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதிலேயே இந்தோனேசியாவின் மேடான் நகரக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த அவர், போருக்குப்பின் மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்தார். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்களில் வட்டிக்கடைப் பேச்சும் பழக்கமும் எந்த அரசு அறிக்கையிலும் காணமுடியாத உயிர்ப்போடு பதிவாகியுள்ளன.

அதே சமவெளியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளிகளின் கணக்கு வேறு வகையானது. ஆள் சேர்த்து, அழைத்துச் சென்று, வேலையும் வாங்கிய கங்காணியே வழியில் உண்ட சோற்றையும் தோட்டத்தில் கொடுத்த கம்பளியையும் கடனாக ஏற்றினான். எழுத்தறியாதவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பினால், இவ்வளவு தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிய துண்டு என்னும் சீட்டு தேவைப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றது. பழைய கடன் புதிய துரையிடம் தொடர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண் பொறித்த தகர வில்லையை அணிந்து அவர்கள் பயணம் செய்தார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் உணவுக்கும் ஆன செலவு அந்த எண்ணின் பேரில் தோட்டத்துக்கு எழுதப்பட்டு, பிறகு தொழிலாளியின் தலையில் இறங்கியது. நகரத்தார் ஏட்டின் நேர்த்தியைப் பாராட்டும் வரலாற்றாசிரியர் இந்த ஏட்டையும் அதன் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மாற்றம் மெல்லவே வந்தது. மலேயாவில் 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று நிறுவப்பட்ட குடிவரவு நிதி, தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. இலங்கையில் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி வந்த விதிகள், அழைத்துச் சென்ற செலவில் ஒரு சல்லியைக்கூடத் தொழிலாளியிடமிருந்து திரும்பப் பெறக் கூடாதென்றன. ஆயினும் கங்காணி தன் கைப்பணத்திலிருந்து கொடுத்த முன்பணம் அவனுடைய ஏட்டில் அதன்பிறகும் ஏறிக்கொண்டிருந்தது.