கதை இருக்கிறது, நாவல் எப்போது வரும்?

மட்டக்களப்பில் நூல் வெளியீடுகளுக்குச் செய்தி சேகரிக்கப் போனால், யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துக் கேட்பார்: "என்னட்ட ஒரு கதை இருக்கு. நாவலாப் போட்டா ஓடுமா?" யுத்தம், சுனாமி, இடப்பெயர்வு என்று இங்கே கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடந்த சம்பவம் மட்டும் நாவலாகிவிடாது. யாருக்கு எது வேண்டும், அது கிடைத்தால் இழப்பவர் யார் என்ற கேள்வி அதற்குள் இருக்க வேண்டும்.

மாரியில் வாவி பெருகினால், வெள்ளாமை மூழ்கும் விவசாயிகள் முகத்துவாரத்தை வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்பது வாவி மீனவர் கவலை. நான் எழுதினால் அது 200 சொல் செய்தி. நாவலாசிரியரோ, படுவான்கரையில் வயல் செய்யும் அண்ணனையும் வலை வீசும் மச்சானையும் ஒரே குடும்பத்தில் வைப்பார். மண்திட்டு வெட்டப்படுவதற்கு முதல் நாள் இரவு அந்த வீட்டில் என்ன கதைப்பார்கள் என்பதில் நாவல் தொடங்கிவிடும். 56 கிலோமீற்றர் நீள வாவியை வைத்துக்கொண்டு நாம் இன்னும் 'மீன்பாடும் தேனாடு' என்றே எழுதிக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

கிழக்கில் பேசப்பட்ட நாவல்களைப் பாருங்கள். விமல் குழந்தைவேலின் 'வெள்ளாவி' சலவைத் தொழிலாளர் வாழ்க்கையை எடுத்தது. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் 'பணிக்கர் பேத்தி', யானை பிடித்த பணிக்கர் பரம்பரைப் பெண்ணின் கதை. சாய்ந்தமருது ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை' வயல் மண்ணில் நிற்கிறது. ஒரு தொழிலைப் பிடித்தால் அதற்குரிய சொற்களும் நாள்கணக்கும் மேல்கீழும் கூடவே வரும். கதைக்கு எலும்பு அப்படித்தான் கிடைக்கிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எழுதியவர் கொழும்புக்கோ லண்டனுக்கோ போய்விடலாம், கதைக்குரியவர் அதே ஒழுங்கையில்தான் இருப்பார். பெயரை மட்டும் மாற்றினால் ஊருக்குத் தெரியாமல் போகாது. வயது, வளவு, உறவுமுறை எல்லாம் மாற வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் உங்களை நம்பிச் சொன்னதை எழுதுவதற்கு முன், அவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். "வேண்டாம் மகன்" என்றால் அந்த அத்தியாயம் வேண்டாம்.

பேச்சுமொழியை இந்திய வாசகருக்காகக் கழுவ வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' கிழக்கின் பேச்சில் எழுதப்பட்டு, தமிழ்நாட்டில் காலச்சுவடு வெளியீடாகவே வந்தது. விளங்காத சொல்லை அடுத்த வரியின் செயல் விளக்கினால் போதும்.

விற்பனைதான் கடினம். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி பிரசுரம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் போட்டது. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் 1973இல் அப்படி வந்தவைதான். பத்திரிகை போகும் கடைக்கெல்லாம் நாவலும் போனது. அந்த விநியோகம் இன்று இல்லை. எழுதியவரே கைக்காசில் 300 அல்லது 500 பிரதி அச்சடித்து, விழா வைத்து, சிறப்புப் பிரதிக்கு வரும் கடித உறையை நம்புகிறார். மிச்சம் கட்டிலுக்கடியில் கிடக்கும். அச்சுக்காக நகை அடகு வைப்பவர்களையும் அறிவேன். அதற்கு முதல் நாவல் போட்டிகளைப் பாருங்கள். 'நட்டுமை' சுந்தர ராமசாமி நினைவாக நடந்த போட்டியில் பரிசு பெற்றுத்தான் காலச்சுவடு வெளியீடாக வந்தது. பதிப்பகத்துக்கு முழுப் பிரதியைக் கொட்ட வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் போதும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், கொழும்புக் கண்காட்சி செப்டெம்பரில். அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். உறவினர் அல்லாத ஒருவர் அதற்கு முன் வாசித்துத் திட்டியிருப்பது நல்லது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உண்டு. ஸர்மிளாவின் 'உம்மத்' ஆங்கிலத்திலும் வந்தது. அப்படியொரு வாய்ப்பு வரும்போது மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சொந்தமாகப் பதிப்பிப்பவர்கள் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம். அட்டை அச்சுக்குப் போக முன் விண்ணப்பித்துவிடுங்கள்.