மிதித்த மண்ணில் விளையும் உப்பு

மரக்காணத்து உப்பின் கதை சேற்றில்தான் தொடங்குகிறது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளில் தேங்கிய நீரை வடித்து, வண்டலை வழித்துப் போட்டு, அடியிலுள்ள களிமண்ணைக் காலால் மிதிக்கிறார்கள். குதிகாலை ஊன்றி, ஓர் அடி இடம்கூட விடாமல், மண் இறுகி வழவழப்பாகும்வரை நாள்கணக்கில் மிதிக்க வேண்டும். தளம் இறுகாவிட்டால் உப்புநீர் கீழே இறங்கிவிடும். வாரும்போது உப்போடு சேறும் வரும். கறுத்த உப்புக்கு விலை கிடையாது.

பிறகுதான் தண்ணீர். ஒரு லிட்டர் கடல்நீரில் நாம் சமையலில் சேர்க்கும் உப்பு 27 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. அடர்த்திமானியில் 3 டிகிரி காட்டும் அந்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, 25-ஐத் தொடும்போது உப்புப் பூக்கும். 30-ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும்.

வெயில் ஏறுமுன் வாரத் தொடங்குகிறார்கள். நீண்ட கைப்பிடி போட்ட மரப்பலகையை அழுத்தி இழுத்தால் மிதித்த தளம் பெயரும். லேசாக இழுத்தால் உப்பு அடியிலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலான பக்குவம் பல வருடப் பழக்கத்தில் கைக்கு வருவது. வாரிய ஈர உப்பைத் தலையில் சுமந்து வரப்பேறுபவர்களில் பெண்கள் ஏராளம். உப்புநீர் ஒழுகிக் கழுத்தில் இறங்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் எரியும், எளிதில் ஆறாது. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்பளத்தை அழகான காட்சியாகப் படம் பிடிப்பவர்கள் அங்கே ஒரு மணி நேரம் கண்ணாடி இல்லாமல் நின்று பார்க்கலாம்.

குவித்த உப்பு காய்ந்து, மழைக்குப் பயந்து கீற்று போர்த்திக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கும். ஒரு காலத்தில் இதை ஏற்றிப்போனவை படகுகள். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான். அங்கிருந்து சென்னைக்கு நீர்வழியே சரக்கு போனது. இன்று லாரியில் ஆலைக்குப் போய், அயோடின் சேர்ந்து, பாக்கெட்டாகிக் கடைக்கு வருகிறது.

ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்த அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. புயலே வராத வருடத்திலும் வடகிழக்கு மழை தளத்தைக் குழைத்துவிட்டுத்தான் போகும். மறுபடி தை, மறுபடி மிதிப்பு. வேலையற்ற அந்த மாதங்களுக்கெனத் தமிழக அரசு அறிவித்த மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,700 ரூபாய்கூடத் தேறாது. ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் மருந்துக்கும் அது எப்படிப் போதும்? அந்தத் தொகை உயர வேண்டும். வருடா வருடம் முதல் மழைக்கு முன்பே கைக்கு வந்து சேரவும் வேண்டும்.