ஏலத்தில் வந்த மொறிஸ் மைனரும் ஒரு கொப்பியும்

'குறைந்த மைல் ஓடியது. ஒரே உரிமையாளர்.' 2023 பெப்ரவரியில் என் கண்ணில் பட்ட ஏல அறிவித்தல் ஒன்று இப்படித்தான் முடிந்திருந்தது. கண்டி அனிவத்தையில் ஒரு வீட்டுத் தளபாடங்கள் ஏலத்துக்கு வருகின்றன. தேக்கு அலுமாரிகள், பீங்கான் பாத்திரங்கள், சுவர்க் கடிகாரம் ஆகியவற்றோடு 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்றும் உண்டு. மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு ஏல அறிவித்தல்களை வாசிப்பது ஒரு கெட்ட பழக்கம். ஓர் ஊரில் எந்தக் குடும்பம் எழுந்தது, எது விழுந்தது என்பதைத் தலைப்புச் செய்திகளைவிட அவை நன்றாகவே சொல்லும்.

கண்டிக்கு ஏலம் புதிதல்ல. 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு, 1884இல் ஒறியன்ரல் வங்கியும் கதவடைத்த பிறகு, தோட்டங்களே ஏலத்தில் கைமாறிய மலைநாடு இது. சுதந்திரத்தின் பின்னர் துரைமார் கப்பலேறியபோது பியானோக்களும் வேட்டைத் துப்பாக்கிகளும் ஏலத்துக்கு வந்தன. கார்களும் வந்தன.

கார் வாங்கும் எண்ணத்தோடு நான் போனேன் என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டார். இல்லை என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். துணைக்கு என்னோடு வந்தவர், அக்குறணையைச் சேர்ந்த ஒரு முதிய மெக்கானிக். பழைய பிரித்தானிய வண்டிகளைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். நான் அவரை நானா என்பேன். அவர் என்னைச் சேர் என்பார்.

கொட்டிலுக்குள் தார்ப்பாய் நீக்கப்பட்டு நின்றது வண்டி. சாம்பல் நிறம். வளைந்த ஒற்றைக் கண்ணாடி. கதவுத் தூண்களில், திரும்பும்போது கை நீட்டுவதுபோல் வெளியே எழும் பழைய சைகைக் கட்டைகள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1956இல்தான் நடுவே பிளவுபட்ட முன்கண்ணாடியைக் கைவிட்டது. இயந்திரமும் அப்போது 948 கன சென்ரிமீற்றராகப் பெருத்தது. பத்து லட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதல் பிரித்தானியக் கார் என்ற பெயர் அதற்குப் பின்னர் கிடைத்தது. ஆனால் இலங்கையில் அதற்குக் கிடைத்த ஆயுள் பிரித்தானியாவில்கூடக் கிடைத்ததா என்பது சந்தேகமே.

மைல்மானி 31,862 காட்டியது. ஐந்து இலக்கங்கள் மட்டுமே கொண்ட மானி அது. 99,999க்குப் பிறகு மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஆகவே அந்த எண் 1,31,862 ஆகவும் இருக்கலாம். நானா மானியைப் பார்க்கவேயில்லை. கிளச், பிரேக் மிதிகளின் றப்பரைத் தடவினார், ஓரம் தேயவில்லை. முன்சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டமில்லை. சாரதி ஆசனத்தின் விளிம்பைப் பார்த்தார். தோல் வெடித்திருந்ததேயொழியத் தேய்ந்திருக்கவில்லை. "மைல் சரி" என்றார். பிறகு ஒரு வார்த்தை: "கொறய ஓடினதுண்டு சந்தோசப்படாதீங்க சேர். ஓடின வண்டிய நம்பலாம், நிண்ட வண்டிய நம்பேலாது." நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர்கள் இறுகிப்போகும், றப்பர் குழாய்கள் வெடிக்கும், பெற்றோல் தாங்கியின் அடியில் பிசின் படியும், வயர்களின் உறை உதிரும் என்று விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த வருமான அனுமதிப்பத்திரம் 1983ஆம் ஆண்டுக்குரியது.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. கண்டி நீதிமன்றத்தில் தொழில் பார்த்த ஒரு தமிழ்ப் பிறக்கிராசியாருடைய பெயர் (1970களில் எல்லோரும் சட்டத்தரணிகளாகும் வரை அவர்களை அப்படித்தான் அழைத்தோம்). ஏலத்துக்கு வந்த வீடோ அவருடையதல்ல. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினுடையது. அந்தக் கொட்டிலும் அவர்களுடையதே. பிறக்கிராசியாரின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பியிருந்தார்கள். காரினுள்ளே, பயணி ஆசனத்துக்கு முன்னிருந்த சிறு பெட்டியில், அட்டை போட்ட ஒரு பாடசாலைக் கொப்பி. பெற்றோல் அடித்த நாள், மானியின் எண், சென்ற ஊர் என மூன்று நிரல்கள். 1958 ஜனவரியில் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கையெழுத்து.

ஏலம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. மாமர நிழலில் அமர்ந்து அதை வாசித்தேன்.

காரின் இலக்கம் '1 ஸ்ரீ' என்று தொடங்குவது. இன்று பழைய கார் வாங்குபவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கும் முந்திய ஈ.எல்., ஈ.என்., ஈ.வை., சீ.எல். இலக்கங்களை இன்னும் பெருமையாக. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய தொடர்கள் அவை. 1957இல் அவற்றின் இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருந்தது. போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தங்கள் வாகனங்களில் தமிழ் ஸ்ரீயை எழுதினர். 1958 மார்ச்சில், தேசியமயமாகி மூன்று மாதங்களே ஆன இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, தமிழரசுக் கட்சி எதிர்ப்பியக்கத்தை மும்முரமாக்கியது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பொகவந்தலாவையில் ஸ்ரீ எதிர்ப்பில் ஈடுபட்ட தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியாகினர். அதே மாதம் 9ஆம் திகதி, பண்டாரநாயக்க செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தீவு எரிந்தது.

ஓர் எழுத்துக்காக இவ்வளவா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்த எழுத்தோடுதான் அந்த மனிதர் தமது புதிய காரைக் கண்டியில் ஓட்டினார். யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் தூரிகையை எடுத்திருப்பாரோ என்னவோ. கண்டியில் அது முடியாத காரியம். கொப்பியில் 1958 மே கடைசி வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை ஒரு பதிவும் இல்லை. பிறகு மீண்டும் மைல்கள் வருகின்றன, ஒன்றும் நடவாததுபோல.

முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 14,000 மைல் ஓடியிருக்கிறது. பெரும்பகுதி யாழ்ப்பாணப் பயணங்கள். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு வழியாக ஒரு வழிக்கு 200 மைல். பொங்கலுக்கு ஒரு பயணம், நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று, இடையில் கலியாணங்கள், செத்தவீடுகள். ஒருநாள் காலையில் புறப்பட்டு அன்றிரவே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த வழியில் பிற்காலத்தில் எத்தனை சோதனைச் சாவடிகள் எழுந்தன என்பதை நினைத்தால், அந்த மூன்று நிரல்களே ஒரு வரலாற்று நூல்தான்.

அதன்பின் வேகம் தளர்கிறது. 1961 முதல் 1970 வரையான பத்தாண்டுகளில் 13,000 மைல் மட்டும். காரணம் அரசியலல்ல, டயர். வெளிநாட்டுச் செலாவணி வற்றி, 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. பெற்றோல் வியாபாரம் ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளிடமிருந்து அரச கூட்டுத்தாபனத்துக்கு மாறியது. நட்டஈட்டுத் தகராறில் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. ஒரு நாடு தன் பெற்றோல் நிலையங்களைச் சொந்தமாக்கியதற்காக உதவி இழந்த கதையை இன்றைய பொருளியல் மாணவர்கள் அறிவார்களோ தெரியாது. சாதாரண மனிதனுக்கோ டயரும் பற்றரியும் எட்டாப் பொருள்களாயின. பிறக்கிராசியார் ஒரு டயரை எந்த மைலில் மாற்றினார், எதைத் தோல் ஒட்டுவித்தார் என்பதெல்லாம் கொப்பியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் முதலில் மறைகின்றன. பின்னர் நீதிமன்றத்துக்கும் நடக்கத் தொடங்கியிருக்கிறார் போலும்.

எங்கள் கராஜ் பாஸ்மார் உலகத்தரத் திறமைசாலிகளானது அந்த வறட்சியில்தான். உதிரிப்பாகம் வராது என்றால் கடைந்து செய்வார்கள். தகடு துருப்பிடித்தால் தட்டியெடுத்துப் புதிதாக்குவார்கள். மொறிஸ் மைனர் வாடகைக் காராக ஊரூராக ஓடியது. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து இந்த மண்ணிலேயே அதன் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கினார் என்றால், அது அனுதாபத்தால் அல்ல. அந்த வண்டியின் அறிவு அப்போது இங்கேதான் மிஞ்சியிருந்தது. இளவரசர் பிலிப் 1940இல் இங்கே கடற்படையில் இருந்தபோது பன்னிரண்டு பவுணுக்கு வாங்கிய பழைய ஸ்ரான்டர்ட் கார் கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் காட்சிக்கு இருக்கிறது. அதைப் படம் பிடிக்க வரிசையில் நிற்பவர்கள், தெருவோரக் கராஜ் ஒன்றையும் எட்டிப் பார்க்கலாம்.

1971 முதல் 1977 வரை 3,400 மைல். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் ஊரடங்கு, 1973இன் உலக எண்ணெய் விலையேற்றம் என்பவற்றை வைத்து அதை விளங்கிக்கொள்ளலாம். எனக்கு விளங்காதது அடுத்த பகுதி. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். டயர் வந்தது, பற்றரி வந்தது, பாவித்த ஜப்பானியக் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. இனியாவது மைல் ஏற வேண்டுமல்லவா? ஏறவில்லை. ஆறு ஆண்டுகளில் 1,462 மைல். ஊர்ப் பெயர் நிரலைக் கவனித்தபோதுதான் பிடிபட்டது: 1977 ஓகஸ்டுக்குப் பிறகு யாழ்ப்பாணம் என்ற சொல் அந்தக் கொப்பியில் இல்லவே இல்லை. அந்த ஓகஸ்டில் தமிழருக்கெதிராக எழுந்த வன்செயல் மலைநாட்டையும் தாக்கியது. மனிதர் அதற்குமேல் நகர எல்லையைத் தாண்டவில்லை.

கடைசிப் பதிவு 1983 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. நீதிமன்றம், வீடு. 31,862.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, 26ஆம் திகதி பிற்பகல், கண்டி நகரில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. பேராதனை வீதியில் மூண்ட தீ காசில் ஹில் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் பரவியது. நான் அப்போது பாடசாலை மாணவன். அந்தப் புகையின் மணத்தைப் பற்றி வேறொரு நாளில் எழுதுகிறேன். வாகனங்களை மறித்துத் தமிழரா என்று விசாரித்த நாட்கள் அவை. வாகனத்தில் இருந்தது சிங்கள ஸ்ரீதான். அது யாரையும் காப்பாற்றவில்லை.

அயல்வீட்டுக்காரர் அன்று மாலை தமது மகன்மாரோடு வந்து காரைத் தள்ளிக்கொண்டு போய்த் தமது கொட்டிலில் விட்டு, முன்னால் விறகு அடுக்கி மறைத்தார் என்று அந்த மகன்மாரில் ஒருவர் எனக்குச் சொன்னார். இப்போது அவரும் முதியவர். குடும்பத்தையும் சில நாள் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். பிறக்கிராசியார் பிறகு பிள்ளைகளோடு வெளிநாடு போனார். திரும்பி வந்து காரை எடுப்பதாகக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். அதனால் இவர்களும் விற்கவில்லை. ஆண்டுக்கொரு தடவை தார்ப்பாயை மட்டும் மாற்றினார்கள்.

ஏலக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லை. "அறுபத்தைந்து வருடத்தில் முப்பத்தோராயிரம் மைல்!" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முழங்கினார். காலமும் அவருக்குச் சாதகமாயிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஓடக்கூடிய எதற்கும் விலை. பெற்றோலோ கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 20 லீற்றர். 1960களைப் பாட்டன் கதையாகக் கேட்டிருந்த இளைஞர்கள் 2022இல் அதை வரிசையில் நின்றே கற்றுக்கொண்டார்கள்.

கேள்வி ஆறு லட்சத்தில் தொடங்கியது. என்னோடு போட்டியிட்டவர் கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஓர் இளைஞர். வெள்ளைப் பெயின்ற் அடித்து ரிபன் கட்டினால் பிரமாதமாயிருக்கும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மீது எனக்கு ஏன் அப்படி ஒரு கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தொழில் செய்யும் பிள்ளை. எட்டு லட்சத்தில் நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒன்பது லட்சத்து இருபத்தையாயிரத்தில் மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்தது. வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

வண்டியை உயிர்ப்பிக்க ஏழு மாதம் பிடித்தது. நானா சொன்ன ஒவ்வொன்றும் பழுதாகவே இருந்தது. அவர் சொல்லாத இரண்டும் சேர்ந்துகொண்டன. இயந்திரம் மட்டும் புதிதுபோல் இருந்தது.

இடையில், மெல்பேர்னிலிருந்து பிறக்கிராசியாரின் மகள் தொலைபேசியில் பேசினார். காரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "கொப்பி கிடந்ததா, ஐயா?" என்றார். தகப்பனார் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒருவரையும் இறங்கவிடாமல், மைலை எழுதி முடித்த பிறகுதான் கதவைத் திறக்கவிடுவாராம். பின் ஆசனத்தில் வியர்த்துக்கொண்டு காத்திருந்ததை நினைத்துச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். போட்டோப் பிரதி ஒன்றைக் காரின் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

செப்ரெம்பரில் ஒருநாள் கடுகண்ணாவை வரை ஓட்டிச் சென்று, டோசன் கோபுரத்தடியில் வண்டியை ஆறவிட்டுத் திரும்பினோம். நானா முழு வழியும் பிரேக் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் கதவைத் திறக்கப் போனார். கொஞ்சம் பொறுங்கள் நானா என்று சொல்லிவிட்டு, நான் பேனாவைத் தேடினேன்.