கைப்பிடி அரிசியும் ஒரு திருமண்டலமும்

சென்ற வாரம் மாலை நடையின்போது, ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பரம்பரைக் கத்தோலிக்கர். “சார், எங்க மறைமாவட்டம் எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க திருநெல்வேலிப் பக்கத்துல சேகரம், மன்றம், திருமண்டலம்னு என்னென்னவோ சொல்றீங்களே, அது என்ன கணக்கு?” என்றார். வில்லியனூர் சாலையின் வண்டி இரைச்சலில் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஊர். அப்பா உபதேசியார். எங்கள் ஊர்க் கோயிலில் தினமும் மணியடித்து ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அவர்தான். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த அரிசியைச் சேர்த்து விற்ற காசு கோயிலுக்கு. அறுப்பின் பண்டிகைக்குக் கருப்பட்டி, முருங்கைக்காய், கோழி, முட்டை என்று வரும். எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஒரு முட்டை அதன் விலையைப் போலப் பத்து மடங்குக்கு ஏலம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அமைப்பைக் கீழிருந்து மேலே சொன்னால்தான் புரியும். ஓர் ஊர்க் கோயிலைச் சேர்ந்த மக்கள் ஒரு சபை. பல சபைகள் சேர்ந்தது சேகரம். அதற்கு ஒரு சேகர குரு. எங்கள் பேச்சில் ‘ஐயர்’. பல சேகரங்களுக்கு ஒரு சபை மன்றம். எல்லாவற்றுக்கும் மேலே திருமண்டலம், அதன் தலைவர் பேராயர். ஆண்டுதோறும் சங்கக் காணிக்கை கட்டியவருக்கு ஓட்டு உண்டு. அந்த ஓட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் திருமண்டலப் பெருமன்றம் வரை போய் உட்காருவார்கள். பனையேறியும் கடைக்காரரும் வாத்தியாரும் குருமாரோடு ஒரே கூரையின் கீழ் வரவு செலவு கேட்கலாம். “எங்க பக்கம் இப்படிக் கிடையாதே” என்று நண்பர் வியந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் இந்த ஏணியில் ஒரு படி மட்டும் எங்கள் அப்பாவுக்கு எட்டவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். ஊரில் ஒரு பாட்டி சாகக் கிடந்தாள். ராப்போஜனம் வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்றாள். ஐயருக்கு ஆள் போயிற்று. அவர் வேறொரு சபையில் இருந்தார். ஒரு சேகரத்துக்குப் பத்துப் பதினைந்து ஊர், ஒரே ஐயர், ஒரு சைக்கிள். தேரி மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் பாட்டி போய்விட்டாள். அப்பா இரவெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். “நீங்களே குடுத்திருக்கலாமேப்பா” என்று மறுநாள் கேட்டேன். “என் தலையில ஆரும் கை வைக்கலியேய்யா” என்றார்.

தலையில் கை வைப்பது என்றால் குருப்பட்டம். அதை அத்தியட்சர்தான் கொடுக்க வேண்டும் என்பது ஆங்கிலிக்கன் சபையின் சட்டம். எங்கள் திருமண்டலத்தின் வரலாற்றையே இந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம்: யார் தலையில் யார் கை வைப்பது?

கதை தொடங்குவது பாளையங்கோட்டையில். 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் அங்கே ஒரு பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் கிளாரிந்தா அம்மாள். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தவை வெறும் 40 பெயர்கள். அம்மாள் முயற்சியில் எழும்பிய சிறு கோயில் 1785-ல் பிரதிஷ்டையானது. ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று ஊரார் சொல்வார்கள். அந்த மக்களைக் கவனிக்க வந்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். கொடுத்தவர்கள் லுத்தரன் மிஷனரிகள். அத்தியட்சர் என்று ஒருவர் அன்று இந்தியாவிலேயே இல்லாததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று, விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக ஒரு ஊர் அமைத்தார். முதல் ஊர் என்பதால் முதலூர்.

1820-ல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜெர்மானியர், லுத்தரன் குரு. அனுப்பியதோ இங்கிலாந்தின் சி.எம்.எஸ். சங்கம். ஊருக்கு ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு உபதேசியார் என்று எங்கள் அப்பாவின் வேலைக்கு அச்சு வார்த்தவர் அவர்தான். ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். சபைகள் பெருகின, குருமார் போதவில்லை. தம் உபதேசியார்களுக்குத் தாமே பட்டம் கொடுக்க விரும்பினார். அத்தியட்சர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். ஆங்கிலிக்கன் முறைகளை அவர் அச்சிலும் விமர்சிக்கவே, 1835-ல் அவரை விலக்கிவிட்டார்கள். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் மெல்ல ஒட்டின. அதே 1835-ல்தான் சென்னைக்கென்று முதல் அத்தியட்சர் வந்தார். அதுவரை எல்லாவற்றுக்கும் கல்கத்தா!

பிறகு ஒரே மாவட்டத்தில் இரண்டு சங்கங்கள். மெஞ்ஞானபுரம், டோனாவூர், நல்லூர் சி.எம்.எஸ்.; நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. ஒரே விசுவாசம்தான், ஆனால் பழக்கவழக்கம் வேறு, கணக்குப் புத்தகம் வேறு. 1877-ல் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு உதவி அத்தியட்சரை நியமித்தார்கள். எஸ்.பி.ஜி.க்கு இடையன்குடி கால்டுவெல், சி.எம்.எஸ்.க்கு சார்ஜென்ட். ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். இருவரும் சென்னை அத்தியட்சருக்குக் கீழ்ப்பட்டவர்கள். தனித் திருமண்டலம் பிறந்தது 1896-ல். பெயர் திருநெல்வேலி-மதுரை, முதல் அத்தியட்சர் சாமுவேல் மார்லி. கால்டுவெல்லும் சார்ஜென்டும் அதைக் காண இல்லை.

இனித்தான் கதையின் வேடிக்கை. 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நிஜாம் சீமையில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். கைப்பிடி அரிசிக் காசு தெலுங்கு நாட்டுக்கு ரயிலேறியது. தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பின்னர் அவரே அங்கே ஊழியத்துக்குப் போனார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அவர் தலையில் கை வைத்து, தோர்ணக்கல் அத்தியட்சராக்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர்! அந்தத் திருமண்டலமும் கிராமங்களால் ஆனதுதான். தம் ஊர் உபதேசியார் முறையை அங்கே கொண்டுபோய், கிராமத்து ஆசிரியர்களையும் குருமாரையும் பயிற்றுவித்தார்.

தேரிக்காட்டு மகன் தெலுங்கு நாட்டில் அத்தியட்சர். ஆனால் திருநெல்வேலியில்? மார்லிக்குப் பிறகு வில்லியம்ஸ், வாலர், டப்ஸ், வெஸ்டர்ன், ஸ்டீபன் நீல், செல்வின் என்று வெள்ளைக்காரர்களே வந்தார்கள். நல்லவர்கள், தமிழ் கற்றவர்கள். அதில் குறை சொல்லவில்லை. நாடு விடுதலையாகி, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்து, மதுரை தனியாகப் பிரிந்த பிறகும் செல்வின்தான் பேராயர். 1953-ல்தான் ஏ.ஜி. ஜெபராஜ் வந்தார். அசரியாவுக்குப் பிறகு நாற்பது ஆண்டு காத்திருந்துதான் தாய்வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பேராயர் கிடைத்தார். அன்று அப்பா பாளையங்கோட்டைக்குப் போய், நம்மவர் கோலேந்தி வருவதைப் பார்த்துவிட்டு வந்ததாக அம்மா சொல்வாள்.

2003-ல் திருமண்டலம் மறுபடி பிரிந்தது. என் ஊர் இப்போது தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தில். சேகரங்கள் சிறியவையாகிவிட்டன, ஐயர்மார் காரிலும் பைக்கிலும் வருகிறார்கள். தேர்தல் வந்தால் மட்டும் ஊர் இரண்டுபடுகிறது. அணி, துண்டறிக்கை, சில சமயம் நீதிமன்றம். அந்த ஓட்டு உரிமைக்குப் பின்னால் எத்தனை கலயம் அரிசி இருக்கிறது என்பதை ஓட்டுப் போடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஒரு நிமிடம் நினைத்தால் நன்றாயிருக்கும்.

அப்பா கடைசிவரை உபதேசியாராகவே ஓய்வு பெற்றார். அவர் தலையில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அவரை அடக்கம் செய்த அன்று, அவரிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் மூன்று பேர் குருவானவர்களாக அங்கியோடு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், சாகக் கிடந்து காத்திருந்த அந்தப் பாட்டியின் பேரன்.

இதையும் நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “உங்க வீட்ல இன்னும் அந்தக் கலயம் இருக்கா சார்?” என்றார். இருக்கிறது. இங்கே ரெட்டியார்பாளையத்தில், எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில்.