கர்ணனுக்குக் கழித்தல் கணக்கு

பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் கதை எழுதுவது என் வேலை. வீரன் எத்தனையாவது லெவலில் எந்த வாளை எடுக்கலாம், எந்த குவெஸ்ட் முடிந்தால் எந்தக் கோட்டை திறக்கும் என்று அட்டவணை போடுவதே பிழைப்பு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்தத் தொழிலுக்கு வேர் என்பார்கள். லெவல் ஏற்பாட்டுக்கு அது சரி. ஆனால் கதையை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்ற கணக்குக்கு, இண்டூர்க்காரனான நான் திரௌபதியம்மன் திருவிழாவின் பாரதத்தைத்தான் சொல்வேன்.

பழைய கணக்கு அது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டிலேயே, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. பிறகு வில்லிபுத்தூரார் வந்தார். பத்துப் பருவங்களில், போர் முடிந்த கையோடு பாட்டையும் முடித்துவிட்டார். அதற்குப் பின்னால் நீளும் பருவங்களை அவர் தொடவில்லை. எங்கள் தொழிலில் இந்தத் துணிச்சல் பலருக்குக் கிடையாது.

திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லியைச் சொல்வார், இரவில் கூத்து. பெரும்பாலும் 18 நாள். ஊருக்கு ஊர் கூடும், குறையும். வில்வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன், தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், படுகளம், தீமிதி. மேடை மட்டும்தான் களம் என்றில்லை. பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருவிலேயே போகும். தபசுக்குத் திடலில் பனைமரம் நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்குப் படி பாடிக்கொண்டே ஏறுவார். பாசுபத அஸ்திரம் வாங்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள், மேலிருந்து விழும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் மடியேந்திக் காத்திருப்பார்கள். வீரனுக்கு ஆயுதம் சும்மா வரக்கூடாது என்பது வரைக்கும் எங்கள் கம்பெனிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

எதிரியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். வீரன் வளர்ந்துகொண்டே போனால் கடைசிச் சண்டை சப்பென்று ஆகிவிடும். 2006-இல் வந்த 'ஆப்ளிவியன்' விளையாட்டு இதற்கு ஒரு வழி பார்த்தது: நாம் வளர வளர எதிரியும் வளர்வான். பலன்? சாதாரண வழிப்பறிக்காரன், விலை மதிப்பில்லாத கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு, சில்லறைக் காசு கேட்டு மறிப்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் பண்ணையம் வாங்கலாம்!

வில்லி போன வழி வேறு. கிருஷ்ணன் தூது சமாதானத்துக்கு என்று பெயர். உள்ளே நடப்பது முழுக்க எதிர்த்தரப்பின் பலத்தைக் கழற்றும் வேலை. துரியோதனன் வாயைக் கிளறி, விதுரன் தன் வில்லைத் தானே ஒடிக்கும்படி ஆகிறது. அசுவத்தாமனோடு ஒரு மோதிரத்தை வைத்து நாடகமாடி, அவன்மேல் சந்தேகத்தை விதைக்கிறான் கண்ணன். கர்ணனிடம் கிழ வேதியனாக இந்திரன் வந்து கவச குண்டலத்தை வாங்கிப் போகிறான். குந்தி போய், நாகாஸ்திரத்தை இரண்டாம் தடவை விடுவதில்லை என்று வாக்கு வாங்குகிறாள். துரியோதனன் களப்பலிக்குக் குறித்த நாளுக்கு முந்தியே அரவானைப் பலி கொடுத்துவிடுகிறார்கள். அர்ச்சுனனுக்கு ஏறும் படிகள்; கர்ணனுக்கு இறங்கும் படிகள். இந்த அடுக்குக்கு ஈடான ஒன்றை எந்த ஸ்டூடியோவின் அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

கூத்து இதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கர்ண மோட்சத்தில் கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். கிரீடமும் புஜக்கட்டையும் தெரியச் சட்டென்று வெளியே வரமாட்டான். வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடத்துவார். இருட்டு மிச்சம் இருந்தால் கட்டியங்காரனை விட்டுக் கிண்டலை நீட்டுவார். கிழக்கு வெளுத்தால் தர்க்கத்தைச் சுருக்குவார். விளையாட்டில் ராஜா கூப்பிட்டாலும் நீங்கள் மாதக்கணக்கில் பூப்பறித்துத் திரியலாம், உலகம் காத்திருக்கும். கூத்தில் விடிந்தால் கர்ணன் செத்தாக வேண்டும், நீங்கள் டீக்கடையில் இருந்தாலும். அதற்கு முன்னால் வேதியனாகக் கண்ணன் வந்து, அவன் சேர்த்த புண்ணியத்தையும் தானமாக வாங்கிக்கொள்வான். அதற்குமேல் கழிக்க ஒன்றுமில்லை.

வடமாவட்டங்களில் பெரியவர் யாராவது தவறிவிட்டால், கருமாதி இரவில் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. அதற்கு வெற்றிலைபாக்கு வைத்துக் கேட்கும் நாடகம் பாசுபதம் பெற்றவனுடையதல்ல, கர்ண மோட்சம்தான்.